வாந்தி வராத சீட்டு

எனக்கு வாந்தி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஏறினால் வரும், கார் ஏறினால் வரும், திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதைக் கீழே நின்று பார்த்தாலே வாயில் எச்சில் ஊறும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இப்போது கேட்கிறேன். இருபத்திரண்டு வயதில் அப்படிக் கேட்கத் தெரியவில்லை. விருத்தாசலத்திலிருந்து கடலூருக்குப் போகும் காலை வண்டியில்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் தமிழ் டைப்பிங்கும் பக்கம் வடிவமைப்பதும் படித்தேன். கடலூர் முதுநகரில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, காரியப் பத்திரிகை. யாருக்கு எத்தனை தாய்மாமன், எந்தச் சித்தப்பாவின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், எந்தப் பெரியப்பாவின் பட்டப்படிப்பு பொய் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாற்பது பெயர்களை ஒரு சின்ன அட்டையில் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்ப்பேன். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

அப்பா செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரப் பெட்டிக்குள் இருக்குமே வெள்ளைப் பீங்கானில் பியூஸ் கட்டை, அதைச் சுடுகிற சூளை. பற்ற வைத்துவிட்டால் அணைத்து ஆறும் வரை அப்பா அந்த இடத்தை விட்டு நகர மாட்டார் என்று பெயர். பெண்ணாடத்தில் கல்யாணம், சேத்தியாத்தோப்பில் மஞ்சள் நீராட்டு, எதுவாக இருந்தாலும் "சூளை பத்த வெச்சிருக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். அம்மாவும் நானும்தான் போவோம். போகிற வழியில் நான் வாந்தி எடுப்பேன், அம்மா முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வைப்பாள். சூளைக்காரர் என்றால் அப்படித்தான் இருப்பார் என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பஸ்ஸில் போனேன். நெய்வேலிக்கு முன்னாலேயே ஒரு தடவை, குறிஞ்சிப்பாடியில் ஒரு தடவை. மூன்றாம் நாள் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அச்சகத்துக்குப் போய்ச் சேரும்போது எனக்கு உயிர் பாதிதான் மிச்சம் இருக்கும். ரயிலில் இவ்வளவு ஆட்டம் இருக்காது என்று யாரோ சொன்னார்கள். சீசன் டிக்கெட் எடுத்தேன்.

அந்த வழியில் பழைய சின்ன தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டு அதிக காலம் ஆகவில்லை. காலை வண்டிக்குத் தனி எஞ்சின் கிடையாது. முதல் பெட்டியின் முனையிலேயே டிரைவருக்கு ஒரு அறை. அறைக்கும் நமக்கும் நடுவில் ஒரு கதவு, கதவில் மார்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடி. அந்தக் கதவுக்கு நேராக, முன்பக்கம் பார்த்த மாதிரி மூன்று பேர் உட்காரும் சீட்டு ஒன்று. அதில் உட்கார்ந்தால் டிரைவருடைய முதுகும், அவருக்கு முன்னால் இருக்கிற பெரிய கண்ணாடியும், அதற்கு முன்னால் முழுத் தண்டவாளமும் தெரியும். மற்ற சீட்டெல்லாம் வழக்கம் போல எதிரும் புதிருமாக இருக்கும். எனக்குக் கிடைப்பதெல்லாம் வண்டிக்கு முதுகு காட்டி உட்காரும் சீட்டு. அதில் உட்கார்ந்தால் ஊர் பின்னால் ஓடும், என் குடல் முன்னால் வரும்.

ஆக ரயிலிலும் வாந்திதான். ஊத்தங்கால் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொள்வேன்.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது ஒரு கூட்டம். கடலூரில் பல ஆபீசுகளில் வேலை பார்க்கிற எட்டு ஆண்கள். மூன்று பேர் சீட்டில், மூன்று பேர் எதிரே தரையில், இரண்டு பேர் பக்கத்தில் நின்றுகொண்டு. முழங்கால்களுக்கு மேல் ஒரு துண்டை விரித்துச் சீட்டாட்டம். அதில் ஒருவரை எல்லோரும் தலைவர் என்று கூப்பிடுவார்கள். எதற்குத் தலைவர் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. வண்டி பிளாட்பாரத்துக்குள் வரும்போதே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை எறிந்துவிடுவார்கள். கர்ச்சீப் விழுந்த சீட்டு பத்திரம் பதிந்த நிலம் மாதிரி, யாரும் தொடமாட்டார்கள்.

அதற்கு அவர்கள் ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டிக்குப் பூஜை போடுவது அவர்கள்தான். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பொரியும் சுண்டலும் பெட்டி பெட்டியாகக் கொடுப்பார்கள். வண்டிக்குப் பொட்டு வைத்தவனுக்கு முன்சீட்டு. இதுதான் அவர்கள் சட்டம். பயணிகளும் சுண்டலைத் தின்றுவிட்டு அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் தலைவர் வீட்டில் காதுகுத்து. பத்திரிகை நான்தான் அடித்தேன், அதனால் தேதி எனக்குத் தெரியும். எட்டுப் பேரும் லீவு. முன்சீட்டு காலி. நான் போய் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பியது. பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஊத்தங்கால் வந்தது, போனது. வளைவு வருவதை என் கண் முதலில் பார்த்தது, அதற்குப் பிறகுதான் உடம்பு சாய்ந்தது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது அங்கே இரண்டு சைக்கிளும் ஒரு டிராக்டரும் நிற்கிறது என்று. தண்டவாளத்தின் நடுவில் ஒரு ஆடு நின்றுகொண்டு யோசித்தது, யோசித்து முடித்துவிட்டு இறங்கிப் போனது. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு எங்களுக்கு வழி விட்டுக்கொண்டே வந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடு முதலில் விரல் உயரத்துக்குத் தெரிந்து, பிறகு ஆள் உயரம், பிறகு மலை. என் வயிறு அசையவே இல்லை. கண்ணும் வயிறும் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பேச்சு பேசின. முதுநகரில் இறங்கும்போது எனக்குப் பசித்தது. பிளாட்பாரத்திலேயே நின்று நான்கு இட்லி சாப்பிட்டேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருப்பேன் போல, இட்லிக்காரம்மா இன்னும் இரண்டு வைக்கட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் தலைவரிடம் போய்க் கேட்டேன். ஒளித்து மறைத்து எல்லாம் கேட்கவில்லை. எனக்கு வாந்தி வரும், முன்னால் பார்த்து உட்கார்ந்தால் வருவதில்லை, மூன்று பேர் சீட்டில் ஒரு ஓரம் கொடுத்தால் போதும் என்றேன். அவர் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே லேடீஸ் எல்லாம் அந்தப் பக்கம் உட்காருவாங்க என்றார். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்றேன். அப்படியானால் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதானே என்றார். சரி, உட்கார வேண்டாம், கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டிரைவருக்கு மறைக்கும் என்றார். டிரைவருக்கு முதுகிலா கண் இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு வடலூர் வரும்போது ஜன்னலில் தலையை நீட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தலைவருடைய குரல் கேட்டது. ரகசியமாகச் சொல்கிற மாதிரி, ஆனால் பெட்டிக்கே கேட்கிற அளவுக்கு.

"எத்தனாவது மாசம்னு தெரியலியே."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் கழுத்தைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். கழுத்தில் தாலி இல்லை. நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். பதிலுக்குக் கேட்காமல் விட்டதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பத்து நாளில் அந்தப் பேச்சு எங்கள் தெரு முனைக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். அதுவரை யாரும் எனக்கு வழி விட்டதில்லை. பிறகு தலைவரே டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, ரொம்ப அக்கறையாக, தோளில் கை போட்டுச் சொல்லியிருக்கிறார். பொண்ணு தினமும் காலையில வாந்தி எடுக்குது, நான் தப்பா சொல்லல, நம்ம ஊருப் பொண்ணாச்சேன்னு சொல்றேன், கவனிச்சுக்குங்க. பெண்ணுக்கு வேலை எதற்கு, காலாகாலத்தில் ஒரு இடம் பார்த்து முடித்துவிடுங்கள் என்று புத்திமதியும் சேர்த்து.

அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்படியில் என்னை நிற்க வைத்து இந்த மாசம் தூரமானியா என்று கேட்டாள். ஒரே வீடு, ஒரே பாத்ரூம், என் துணி காயும் கொடியில்தான் அவள் துணியும் காயும். ஒனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவள் அழுதாள். தனக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டுமே என்றாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் காயும் துணியை எடுத்துக் கொண்டுபோய் டீக்கடை வாசலில் கட்டியிருப்பேன். நல்ல வேளை, கொடி காலியாக இருந்தது.

இந்த மாதம் முடிந்ததும் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும். அப்பாவுடைய தீர்ப்பு அம்மா வாயால்தான் வந்தது. ஒரு டாக்டரம்மாவிடம் காட்டி ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை ஒருத்தி யோசனை சொன்னாள். நான் முடியாது என்றேன். எதற்காகக் காட்ட வேண்டும்? நான் கெட்டுப்போகவில்லை என்று யாரோ கையெழுத்துப் போட்டால்தான் நான் வேலைக்குப் போகலாமா? அந்தக் கையெழுத்தை வாங்கினால், கேட்டவன் கேட்டது சரி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? வேலையை விடமாட்டேன், டாக்டரிடமும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வண்டிக்குக் கிளம்பினேன். அப்பா வாசலில் நின்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

அந்த ஒரு மாதமும் நான் போனேன். தினமும் வாந்தி எடுத்தேன். முன்பெல்லாம் மறைத்து எடுப்பேன், முந்தானை மாதிரி துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு. இப்போது நன்றாக நிமிர்ந்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று எடுத்தேன். முடித்துவிட்டுத் தண்ணீர் கொப்பளித்து, எண்ணிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று திரும்பி உட்கார்ந்தேன். ஆனால் தேதியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அப்பா அச்சக முதலாளிக்கு போன் செய்து நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. முதலாளியும் ஒரு அப்பாதான்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. கம்பெனிகளில் சூளையைக் கழுவிப் பொட்டு வைத்துச் சும்மா விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் நெருப்பு கிடையாது. நான் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்குச் சூளை கெடையாது. ஒரு நாள் என்கூட வண்டியில வாங்க. நான் எதனால வாந்தி எடுக்குறேன்னு ஒங்க கண்ணால பாத்துட்டு, அப்புறம் நிறுத்துங்க."

அப்பா முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் என்று நினைத்தேன். கம்பெனியில் பூஜைக்கு ஆள் வேண்டும் என்றார். பூஜை அதற்கு மறுநாள்தானே என்றேன். வயலுக்குப் போகணும் என்றார். எங்களுக்கு வயலே கிடையாது. அம்மா முதல்முறையாக என் பக்கம் பேசினாள், போயிட்டுத்தான் வாங்களேன் என்று. வேறு வழியில்லாமல் வந்தார்.

காலையில் ஸ்டேஷனுக்கு வரும்போது அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வலது கையை மூடியே வைத்திருந்தார். பிளாட்பாரத்தில் தலைவருடைய கூட்டம் வண்டியின் முகத்துக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் சாமந்தி மாலை. கண்ணாடியில் மட்டும் கை வைக்காதீர்கள், எனக்குத் தெரியணும் என்று டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் தலைவருக்கு ஒரே சந்தோஷம். தன் பேச்சைக் கேட்டு வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் ஒருவர் சக்கரத்துக்கு வைக்க ஒரு பழம் குறைகிறதே என்றார். இன்னொருவர் அப்பாவுடைய கையைப் பார்த்துவிட்டார். மூடிய கைக்குள் ஒரு எலுமிச்சம்பழம்.

அண்ணன் பூஜைக்கென்றே கொண்டாந்திருக்கிறார் என்று சொல்லி, அப்பாவின் விரல்களைப் பிரித்துப் பழத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தின் கீழே வைத்துவிட்டார்கள். அப்பாவின் கை பழத்தின் பின்னாலேயே நீண்டது, பாதியில் நின்றது. சாமிக்கு வைத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? அதோடு விட்டார்களா, இரண்டு கையையும் ஏந்த வைத்து ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கலை வைத்தார்கள். பிரசாதம், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அப்பா தின்றார். வண்டி கிளம்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது.

எனக்கும் அப்பாவுக்கும் கிடைத்தது வண்டிக்கு முதுகு காட்டும் சீட்டு. கர்ச்சீப் போட்ட முன்சீட்டில் தலைவர் கூட்டம் துண்டை விரித்து ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டது. நான் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இப்போது பாருங்கள் என்பது போல அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. முகம் சுடாத பீங்கான் போல வெளுத்திருந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தார். அந்த விழுங்கலை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக நான் விழுங்கிய அதே விழுங்கல்.

ஊத்தங்கால் தாண்டியதும் எழுந்தார். ஜன்னல் பக்கம் நான் இருந்தேன், அதனால் எதிர்ப்பக்கம் கதவுக்கு ஓடப் பார்த்தார். நாலு எட்டு வைத்திருப்பார். தலைவருடைய முழங்காலுக்கு மேல் விரித்திருந்த துண்டில், சீட்டுக்கட்டின் மேல், அந்தச் சர்க்கரைப் பொங்கல் முழுவதையும் எடுத்தார்.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். திட்டப் போகிறார்கள் என்று நான் ஓடினேன். யாரும் திட்டவில்லை. ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், ஒருவர் அப்பாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தலைவர் தன் வேட்டியைக்கூடப் பார்க்கவில்லை, அண்ணே இப்படி உக்காருங்க என்று முன்சீட்டில் உட்கார வைத்தார். நேராகப் பார்த்து உட்காருங்க, சரியாயிடும் என்றார் இன்னொருவர். பித்தம் என்றார் ஒருவர். சூளைச் சூடு என்றார் ஒருவர். வெறும் வயிற்றில் இனிப்பு ஆகாது என்றார் தலைவர். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. நான் ஒன்றரை மாதம் கேட்டுக் கிடைக்காத சீட்டு அவருக்கு அரை நிமிஷத்தில் கிடைத்தது.

நான் தலைவருக்கு நேராகப் போய் நின்றேன். சத்தம் போடவில்லை.

"எங்கப்பாவுக்கு எத்தனாவது மாசம்னு யாரும் கேக்கலியே."

பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டாள். தலைவர் முகம் கறுத்துப்போனது. அப்பா முன்னால் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார்.

"நீங்க டீக்கடையில அப்பா முன்னாடி பேசினதுதான. நான் ரயில்ல பேசறேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார், அண்ணே நீங்களே சொல்லுங்க என்பது போல. எட்டுப் பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் என்னை ஓங்கி அறைந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அப்பா வாயைத் தோள் துண்டால் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாங்க. பஸ்ஸு ஆகாது, காரு ஆகாது. அதனாலதான் ஒரு நல்லது கெட்டதுக்கும் நான் போறதில்ல. பொண்ணுக்கு எங்கிட்டேருந்துதான் வந்திருக்குது."

பெட்டி முழுக்கக் கேட்டது. எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. பெண்ணாடத்துக் கல்யாணம், சேத்தியாத்தோப்பு மஞ்சள் நீராட்டு, என் சொந்தத் தாய்மாமன் கல்யாணம், அத்தனைக்கும் பற்ற வைத்திருந்த அத்தனை சூளையும் ஒரே நேரத்தில் எனக்குப் புரிந்தது. பாதிச் சூளை எரியவே இல்லை. கையில் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தது முகர்ந்து பார்க்க. இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். டீக்கடையில் அந்த ஆள் தோளில் கை போட்டுச் சொன்னபோதே தெரியும், என் வாந்தி எங்கிருந்து வந்தது என்று. அம்மா என்னை அடுப்படியில் நிற்க வைத்துக் கேட்டபோது அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார். ஆம்பளை பஸ்ஸில் வாந்தி எடுப்பான் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். தன் மானம் போகாமல் இருக்க என்னுடையதைத் தெருவில் விட்டிருந்தார். பாவமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒருவர் மேல் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா சீட்டில் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். நான் உட்கார்ந்து என் கவரை அவர் மடியில் வைத்தேன். தலைவர் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றார், கடலூர் வரை நின்றார். டிரைவருக்கு மறைக்கவில்லை. பூஜை முடிந்து வேலை நாள் வந்தபோது முன்சீட்டின் ஓரத்தில் கர்ச்சீப் விழவில்லை. அங்கே உட்காரலாமா என்று நானும் யாரையும் கேட்கவில்லை. பிறகு பல வருடம் அந்த ஓரத்தில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனேன். தலைவர் ரிட்டயர் ஆகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் இல்லை.

அன்றைக்குக் கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்ததும் அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் ரத்தம் வந்தது. வண்டியின் முகத்தில் கட்டியிருந்த வாழை இலை காற்றில் அடித்து அடித்துக் கிழிந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவில் பாதை வந்தது. நெய்வேலி மண்மேட்டைப் பார்த்து அது மலையா என்று கேட்டார். ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறதை ஐம்பது வயதில் முதல்முறையாகப் பார்க்கிறார். சுரங்கத்து மண் என்றேன். கேட் வந்தது, ஹாரனுக்கு முன்னாலேயே அங்கே நிற்கும் லாரியைப் பார்த்துவிட்டார், எனக்குக் கையால் காட்டினார். வடலூர் தாண்டியதும் கவரை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். என் கோபம் இன்னும் இறங்கவில்லை.

முதுநகரில் இறங்கினோம். மீன் வாசனையும் தண்டவாளத்து எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது. அப்பா குழாயில் முகம் கழுவிக்கொண்டார். திரும்பிப் போகும் வண்டி எத்தனை மணிக்கு, அதிலும் முன்னால் கண்ணாடி இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை, அதனால் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"சரி, நீ வேலைக்குப் போயிட்டு இரும்மா. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

"நான் ஒங்கள கேக்கலியேப்பா" என்றேன்.

அச்சகம் திறக்கும் நேரம் ஆகியிருந்தது. நான் நடந்தேன்.